பெயரும் விளக்கும்

மாண்டாரை மறவாதிருத்தல் மக்கட் பண்பின் முதற்படி. அந்தியேட்டியும் ஆட்டைத் திவசமும் ஆடி அமாவாசை விரதமும் நமக்குக் கற்பிப்பது இதனையே. எள்ளும் நீரும் இறைக்கும் மகன், தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் பூட்டன் பெயரையும் சொல்லியே இறைக்கின்றான். பெயரின்றிப் பிதிர்க்கடன் இல்லை. வீட்டிலே கண்மூடினாருக்கு இக்கடனைச் செய்தல் எளிது. போர்க்களத்திலே மாண்டாருக்கோ? மகன் எங்கு வீழ்ந்தான், எந்நாளில் வீழ்ந்தான், அவன் உடலை மண்ணில் இட்டவர் யாவர் என்று அறியாத தாய், எந்தத் திதியில் விளக்கேற்றுவாள்? இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

போரில் பட்டாருக்குக் கல் நட்டு வழிபட்ட பரம்பரையினர் நாம். தக்க கல்லைத் தேடிக் காண்பது தொடங்கி, அதனை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது ஈறாக அவ்வழிபாட்டின் படிமுறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கின்றது. அக்கல்லிலே வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்து, மயிற்பீலி சூட்டினர் என்று சங்கச் செய்யுள்கள் கூறும். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதிலே செதுக்கப்பட்டிருக்கின்றது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் ‘கோவிவன்’ என்று கல்வெட்டுச் சொல்கின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் சென்ற பின்னரும் ஒரு நாயின் பெயரை நாம் அறிகின்றோம். மாணவர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிப்பார்களாக.

முல்லைத்தீவிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் வீதி, அளம்பில், செம்மலை, நாயாறு ஆகிய இடங்களைக் கடந்து கொக்குத்தொடுவாய்க்கும், அதற்கப்பால் கொக்கிளாய்க்கும் செல்கின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. மீனும் நெல்லும் ஒருங்கே வாழ்வளித்த மண். 1984 டிசம்பரில் இவ்வூர்களின் தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டன. 1985 பெப்ரவரியில் கொக்கிளாய் இராணுவ முகாம் தாக்கப்பட்டபோது இரு தரப்பிலும் இளைஞர்கள் மாண்டனர். ஊரவர் மீண்டும் வந்து குடியேறியதோ 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரே.

அவர்கள் இல்லாத நாளில் அம்மண்ணில் நிகழ்ந்தது யாது என்பதற்கு 2023 ஜூன் மாத இறுதியில் மண்ணே சாட்சி சொல்லிற்று. கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளைப்படி நடைபெற்ற அகழ்வு 2024 ஜூலையில் நிறைவெய்தியபோது, வெளிக்கொணரப்பட்ட எலும்புக்கூடுகள் 52. பெண் போராளிகளின் உடைத்துண்டுகளும் இலக்கம் பொறித்த தகடுகளும் அவற்றோடு கிடைத்தன. அவை 1994 ஆம் ஆண்டுக்கும் 1996 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தவை என்று அகழ்வில் ஈடுபட்ட தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவ தமது அறிக்கையில் கூறினார். ஒவ்வோர் எலும்புக்கூட்டுக்கும் பெற்றவர் இருவர் உளர் அல்லது இருந்தனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர்கள் வாசலைப் பார்த்திருந்தனர். நாயின் பெயரையும் கல்லில் எழுதிக் காத்த இனத்தின் பிள்ளைகள், பெயரற்றுச் சாலையோரத்தில் கிடந்தனர்.

போராளிகளுக்கு ஊர்கூடி விளக்கேற்றும் வழக்கம் 1989 நவம்பர் 27 ஆம் நாள் தொடங்கியது. பின்னர் வன்னியிலே துயிலும் இல்லங்கள் எழுந்தன. அங்கே ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு பெயரும் ஒரு சுடரும் இருந்தன. உடல் கிடையாதவர்க்கும் நினைவுக்கல் நாட்டப்பட்டது. போர் முடிந்தபின் அவை இடித்து நிரவப்பட்டன; சிலவற்றின்மேல் படைமுகாம்களும் அமைந்தன. விளக்கேற்றுவதே குற்றமாகக் கொள்ளப்பட்ட ஆண்டுகள் பல. 2020 நவம்பரிலும் வடக்கின் நீதிமன்றங்களில் பொலிசார் தடையுத்தரவு கோரி நின்றனர். ஆயினும் உடைந்த கற்களை ஒன்றுகூட்டி, மாலை ஆறு மணி கடந்ததும் மணியோசை கேட்டுத் தாய்மார் சுடரேற்றும் காட்சி மறையவில்லை.

அக்கல்லறைகளில் கிடந்தோர் யாவரும் ஒரே வழியில் அங்கு வந்தவர் அல்லர். விரும்பிச் சென்றவர் உளர். இறுதி ஆண்டுகளில் வீட்டிலிருந்து வலிந்து கொண்டுசெல்லப்பட்ட சிறாரும் உளர். இவ்வுண்மையை மறைத்து ஏற்றும் விளக்கு, முழு ஒளி தராது. மகன் எவ்வாறு சென்றான் என்பதைப் பார்த்துத் தாயின் கண்ணீர் கூடுவதும் குறைவதும் உண்டோ?

தென்னிலங்கைத் தாயின் நிலையும் இதுவே. கண்டியைச் சேர்ந்த விசாக தர்மதாச அம்மையாரின் மகன், 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சமரில் காணாமற்போன படைவீரர்களுள் ஒருவர். அச்சமரில் வீழ்ந்த பலரின் உடல்கள் இன்னார் உடல் என அறிய வழியின்றிப் போயின. அம்மையார் வீட்டிலே அழுதுகொண்டு அமரவில்லை. காணாமற்போன வீரர்களின் பெற்றோரை ஒன்றுதிரட்டினார். படைவீரர் கழுத்தில் அடையாளத் தகடு அணிதல் வேண்டும் என்று போராடினார். வன்னிக்கு வந்து, எதிர்த்தரப்பாரிடமே தம் பிள்ளைகளைப் பற்றி வினவினார். அங்கே தமிழ்த் தாய்மாரின் துயரையும் கண்டு, வடக்கும் தெற்கும் சேர்ந்த மகளிர் அமைப்பொன்றைக் கட்டியெழுப்பினார். கண்டித் தாய் தகடு கேட்டாள்; கொக்குத்தொடுவாய் மண் தகடு தந்தது. இரு தகடுகளும் எழுப்பும் வினா ஒன்றே: இவன் யார் பிள்ளை?

உலகம் இவ்வினாவைப் புறக்கணித்ததில்லை. முதலாம் உலகப் போரிலே பெயர் தெரியாது மாண்டவர்களின் பொருட்டு, அறியப்படாத வீரன் ஒருவனின் உடலை 1920 நவம்பர் 11 ஆம் நாள் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், அரசர்களின் நடுவே அடக்கம் செய்தனர். காணாமற்போன மகனுடைய தாய் ஒவ்வொருத்தியும், அவன் தன் மகனாக இருக்கலாம் என்று எண்ணி ஆறுதல் அடைய அஃது இடம் தந்தது. திருகோணமலையிலுள்ள போர்மயானத்திலும் அதிகாரியென்றும் சிப்பாயென்றும் உயர்வு தாழ்வு காட்டாத ஒரே அளவான கற்களையே காண்கின்றோம்.

இன்று நமக்கு அறிவியலின் துணையும் உண்டு. எலும்பின் மரபணுவை உறவினரின் குருதியோடு ஒப்புநோக்கி, இன்னார் பிள்ளை என்று துணிய முடியும். அதற்குப் பெற்றவர் உயிரோடு இருத்தல் நலம். அவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆகவே, எலும்புகளுக்குப் பெயர் காணும் பணியை அரசு தாமதிக்கலாகாது. இறந்தாருக்கு விளக்கேற்றும் உரிமை எவருடைய அனுமதியிலும் தங்கியிருக்கலாகாது. இவை இரண்டும் அரசின் கடன்.

மூன்றாவது கடன் நம்முடையது. கார்த்திகை மாலையில் நம் பிள்ளைகளுக்குச் சுடரேற்றும்போது, களப்பின் அக்கரையிலும் மலைநாட்டிலும் வெறும் சட்டத்துக்குள் இருக்கும் ஒரு படத்தின் முன் அமர்ந்து அழும் சிங்களத் தாயையும் ஒருகணம் நினைப்போமாக. அவளும் நம்மை நினைக்கும் நாள் வருமாயின், அதுவே சமாதானத்தின் முதல் நாளாகும். வீரத்தைப் பாடுதல் எளிது. பிறன் மகனுக்காக அழுதல் அரிது. அரியதனைச் செய்யப் பழகுதலே கல்வியின் பயன் அன்றோ?