மடங்கினால் மட்டும் போதுமா?



"நாள் பூரா வீட்டு வேலை செய்யற பொம்பளைக்குத் தனியா என்ன எக்சர்சைஸ் வேண்டிக் கிடக்கு?" என்று நானும் ஒரு காலத்தில் பேசியவள்தான். என் வலது கை என் வாயை அடைத்துவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில், எங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் துவைக்கிற கல்லருகே பாசியில் வழுக்கி விழுந்தேன். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே எலும்பு முறிவு. கையை மடக்கிய வாக்கில் ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த அன்று பார்த்தால் அது என் கை மாதிரியே இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, 'ட' எழுத்து போல நின்றது. டாக்டர், "தினமும் பிசியோதெரபிக்கு வரணும்" என்றார். பத்து நாள் போனேன். அதற்குள் கை வாய்க்கு எட்டியது. கரண்டி பிடிக்க வந்தது, தோசை திருப்ப வந்தது. அத்தோடு நின்றுவிட்டேன். வீட்டுக்காரருக்கு ஷிப்ட், மகளுக்குப் பத்தாம் வகுப்பு. தினம் யார் என்னை வண்டியில் கொண்டுபோய் விடுவது? மாமியாரும், "சோறாக்கக் கை வந்துட்டுதில்ல, மீதி தானா வரும்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

மீதி தானாக வரவில்லை. நாலு மாதம் கழித்துக் கொடியில் போர்வை போடக் கையைத் தூக்கினால் முழங்கை பாதியில் நின்றது. பஸ்ஸில் மேல்கம்பி எட்டவில்லை. ஒருநாள் பரணிலிருந்து எடுத்த பித்தளை அண்டா நழுவித் தோளில் விழுந்தபோதுதான் பயம் வந்தது. மறுபடி ஓடினேன்.

அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு என் மகளைவிடப் பத்து வயசு கூட இருக்கலாம். திட்டவில்லை. "அம்மா, மத்துல கயிறு சுத்தித் தயிர் கடைஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க பாட்டி வீட்டுல கடைஞ்சிருக்கேன்மா."

"ஒரு கை கயித்தை இழுக்கும்போது இன்னொரு கை என்ன செய்யும்?"

"விட்டுக் கொடுக்கும்."

"ரெண்டும் சேர்ந்து இழுத்தா?"

"மத்து நின்னுடும்."

"உங்க முழங்கையும் அந்த மத்துதாம்மா" என்றாள்.

பிறகு விளக்கினாள். சதைக்கு இழுக்க மட்டுமே தெரியுமாம், தள்ளத் தெரியாதாம். மேல்கையின் முன்பக்கச் சதை சுருங்கி இழுத்தால் முழங்கை மடங்கும். மடங்கிய கையை அதே சதையால் திருப்பித் தள்ளி நீட்ட முடியாது. அதற்குப் பின்பக்கம் இன்னொரு சதை இருந்து அந்தப் பக்கமாக இழுக்க வேண்டும். நாம் கதவைத் தள்ளும்போதுகூட உள்ளே ஏதோ ஒரு சதை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது! வீட்டுக்கு வந்து மகளின் அறிவியல் புத்தகத்தைப் புரட்டினால் படமே போட்டிருக்கிறது: முன்னால் இருதலைத் தசை, பின்னால் முத்தலைத் தசை. பரீட்சைக்குப் பாகம் குறிக்க எத்தனை முறை அவளை உட்கார வைத்துப் படிக்க வைத்திருப்பேன். அது என் கையும்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சதை இழுக்கும்போது எதிர்ச்சதைக்கு "நீ தளர்ந்து கொடு" என்று நரம்பு வழியே உத்தரவு போகுமாம். இதை ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். நரம்புகள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1932-ல் நோபல் பரிசு பெற்றவர். பேர் புதுசு, விஷயம் நமக்குப் பழசு. ராத்திரி கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்து அலறும்போது, "கால் விரலை உன் பக்கமா இழு" என்று அம்மா சொல்வாளே, அதுதான். விரலைத் தூக்கினால் முன்னங்கால் சதை வேலை செய்யும். பின்னால் பிடித்துக்கொண்டிருக்கும் கெண்டைச்சதை நீண்டு, தளர்ந்து கொடுக்கும்.

சரி, தினம் இத்தனை வேலை செய்தும் என் கை ஏன் நீளவில்லை? அதற்குப் பதில் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தது. நெய்வேலி, 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த ஊர். இங்கே எதைச் சொன்னாலும் ஆண்கள் இயந்திரத்தில் கொண்டுபோய் முடிப்பார்கள். "எங்க சுரங்கத்துல மண் வெட்டற பெரிய மெஷினோட கையையும் இரும்புக் கயிறுதான் மேல இழுக்குது. கீழே இறக்கத் தனிக் கயிறு எதுக்கு? கயித்தை விட்டுக் கொடுத்தா அதும் பாரத்துலயே இறங்கிடும்" என்றார்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னதும் துள்ளிக் குதித்தாள். "அதேதாம்மா! குடத்தைத் தூக்கறதும் முன்சதை, மெதுவா இறக்கறதும் அதே முன்சதை. பின்சதைக்கு அங்க வேலையே இல்லை." குக்கர், வாளி, அரிசி மூட்டை, இடுப்புக் குழந்தை... எல்லாம் தூக்குகிற, இறக்குகிற வேலை. பின்சதைக்கு வேலை வருவது எதையாவது தள்ளும்போதும், தலைக்கு மேல் கையை நீட்டும்போதும்தான். அம்மியில் தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் கூலி இருந்தது. (அம்மிக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. என் மிக்ஸியை யாருக்கும் தரமாட்டேன்.)

அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை சின்ன விஷயங்கள். சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளுவது. கையைக் காதோரம் தூக்கி, முழங்கையை மடக்கி மடக்கி நீட்டுவது. காலை பத்து, மாலை பத்து. இறுகின மூட்டை யாரையும் விட்டு எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாக இழுக்கவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். முதல் வாரம் கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்து மாதம் பிடித்தது. கட்டுப் பிரித்த கையோடு செய்திருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டேன். இன்னமும் முழுசாக நீளவில்லை, இரண்டு விரற்கடை பாக்கி. ஆனால் போர்வையை நானே காயப்போடுகிறேன்.

என் வருத்தமெல்லாம் ஒன்றுதான். வீட்டு ஆம்பளைக்கு அடிபட்டால் கை முழுசாக வந்து டூட்டியில் சேரும்வரை அத்தனை பேரும் கூட நிற்கிறோம். நமக்கு மட்டும் கரண்டி பிடிக்க வந்ததும் வைத்தியம் முடிந்ததாக யார் முடிவு செய்தது? பெரும்பாலும் நாமேதான்!

போன வாரம் அடுத்த தெருவில் ஒரு அம்மாவுக்கு மாவுக்கட்டு பிரித்திருக்கிறார்கள். பார்க்கப் போனேன். "கை மடங்குது, சமையல் ஆரம்பிச்சுட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். "நீட்டுங்க பார்ப்போம்" என்றேன். பாதியில் நின்றது. திங்கட்கிழமை காலை டிபன் வேலை முடிந்ததும் அவரை நானே பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன்.

- ஒரு குடும்பத் தலைவி, நெய்வேலி.