'ஏ' படம்னா என்ன படம் சார்?

போன மாசம் சங்கத்துக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து புனேயிலிருந்து லோனாவாலா போயிருந்தோம். பஸ்ஸில் டி.வி. உண்டு. தமிழ்ப் பாட்டாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நடுவே ஒரு குத்துப்பாட்டு. கேமரா அந்தப் பெண்ணின் முகத்துப் பக்கமே போகவில்லை. இடுப்பிலேயே குடித்தனம் நடத்தியது. மாமா, மாமி, வாண்டுகள் எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

பாட்டு முடிந்ததும் பக்கத்து ஸீட் நண்பர், "வீட்ல பார்க்க நல்ல படமா ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார். வாய் சும்மா இருக்காமல் 'சூப்பர் டீலக்ஸ்' என்று சொல்லித் தொலைத்தேன். "அய்யோ, அது ஏ படமாச்சே! வீட்ல பொம்பளைங்க இருக்காங்க சார்!"

ஏன் சார், இப்ப பஸ்ஸில் யார் இருந்தாங்க?

தங்கமணி முழங்கையால் இடித்ததால் அங்கே கேட்கவில்லை. இங்கே கேட்டுவிடுகிறேன்.

'ஏ' என்றால் பதினெட்டு வயது முடிந்தவர்களுக்கு என்று அர்த்தம். அவ்வளவுதான். தமிழில் முதன்முதலில் அந்த முத்திரை வாங்கியது 1951-இல் வந்த எம்.ஜி.ஆரின் 'மர்மயோகி'. காரணம் சதை இல்லை, பேய்! அப்படி ஆரம்பித்த எழுத்து நம் ஊரில் எப்படி 'பலான படம்' ஆனது?

பாதிப் பழி காலைக்காட்சிக்காரர்களுக்கு. 2000-இல் மலையாளத்தில் ஷகீலா நடித்த 'கின்னாரத்தும்பிகள்' சக்கைப்போடு போட்டது. அதன் பின்னால் கேரளத்திலிருந்து வரிசையாக வந்தவை தமிழிலும் டப்பாகி நம் ஊர் தியேட்டர்களை நிரப்பின. ஒரு வீடு, ஒரு குளியல் காட்சி, ஒரு மழை. சென்சாருக்குக் காட்டியது ஒன்று, தியேட்டரில் நடுவே ஒட்டிய 'பிட்டு' வேறொன்று. பிட்டு ஒட்டுவது சட்டப்படி குற்றம். அந்தப் படங்களை இயக்கியது யாரென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போஸ்டரில் இருந்த பெண்ணின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும். பணம் பார்த்தவர்களும் படம் பார்த்தவர்களும் நல்லவர்கள், நடித்தவள் மட்டும் கெட்டவள்.

'சூப்பர் டீலக்ஸ்' (2019) இந்தப் பொய்யைத்தான் பிடித்து உலுக்குகிறது. ஒரு பையன் கூட்டாளிகளோடு திருட்டுத்தனமாக ஒரு நீலப்படம் பார்க்க உட்காருகிறான். அதில் நடித்திருப்பது அவன் அம்மா. அதற்கப்புறம் தியாகராஜன் குமாரராஜா நம்மைப் பார்க்க வைப்பது அந்தப் பையனின் ஆத்திரத்தையும், அடிபட்டுக் கிடக்கும் அவனுக்காக ஆஸ்பத்திரியில் அல்லாடும் தாயையும். ரம்யா கிருஷ்ணன் முகத்தைப் பார்க்கிறோம். சதையைக் காட்டி விற்கிற படம் இல்லை, சதையைப் பார்க்கிற நம்மைப் பற்றிய படம். இதை இயக்குநரின் பாணி என்று சொல்லலாம், பார்வை என்றும் சொல்லலாம். நான் நாணயம் என்பேன்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. கே.ஏ. அப்பாஸ் தன் ஆவணப்படத்துக்காகத் தொடுத்த வழக்கில் 1970-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பாலுறவு வேறு, ஆபாசம் வேறு, இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'பண்டிட் குயின்' வழக்கில் 1996-இல் அதே நீதிமன்றம், ஊர் நடுவே ஆடையில்லாமல் நடத்தப்படும் பெண்ணின் காட்சி இச்சையைத் தூண்டுவதற்கானது அல்ல, அதைச் செய்தவர்கள் மேல் அருவருப்பு வருவதற்கானது என்றது. எதைக் காட்டினாய் என்பதல்ல, எதற்காக, எப்படிக் காட்டினாய் என்பதுதான் கேள்வி. நீதிபதிகளுக்குப் புரிந்தது நம் பஸ்ஸுக்குப் புரியவில்லை.

இன்னொரு கூத்து. 2025-இல் ரஜினியின் 'கூலி'க்கு வன்முறைக்காக 'ஏ' கொடுத்தார்கள். யு/ஏ வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, மனு தள்ளுபடி. அப்போது நம் சங்கத்து வாட்ஸப்பில் ஒரே புலம்பல்: "குழந்தைங்கள கூட்டிட்டுப் போக முடியலையே!" ஆக, வெட்டுக்குத்து என்றால் குழந்தையோடு போக வேண்டும், ஒரு பெண்ணின் மானத்தைப் பற்றி நிதானமாகப் பேசினால் பெரியவர்களே பார்க்கக் கூடாது. நல்ல நியாயம்!

குழந்தைகளுக்கு ஏ படம் காட்டச் சொல்லவில்லை. காட்டவே கூடாது. பெரியவர்களாவது பெரியவர்களாக இருக்கலாமே என்கிறேன்.

என் மகனுக்கு அடுத்த வருசம் பதினெட்டு. காலேஜ், ஹாஸ்டல், கையில் போன். அந்த போனில் வரப்போவதற்கு சென்சாரும் கிடையாது, பெரும்பாலும் ஒரு பெண்ணை மனுஷியாகப் பார்க்கும் கண்ணும் கிடையாது. நான் காவலுக்கு உட்கார முடியாது. கேமரா ஒரு பெண்ணை எப்படிப் பார்க்கிறது என்று கவனிக்க மட்டும் சொல்லித்தர முடியும். அதை பஸ்ஸிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். கை தட்டிவிட்டேன்.

பதினெட்டு முடிந்ததும் முதல் படமாக 'சூப்பர் டீலக்ஸ்' போட்டு, பக்கத்தில் நானும் தங்கமணியும் உட்காருவதாக முடிவு. நெளிவோம். பரவாயில்லை.

டிஸ்கி: பஸ் நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். சார், கோபப்படாதீங்க. தனியாவாவது பாருங்க, அப்புறம் சண்டைக்கு வாங்க. காபி என் செலவு.