உங்கள் வார்டு எல்லையை வரைவது யார்? பெங்களூருவுக்கு ஏன் ஒரு மக்கள் ஆணையம் தேவை?

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ரஸ்ஸல் மார்க்கெட் பக்கமாக வீட்டுக்கு நடக்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் இரண்டு சின்னக் கேள்விகள். உங்கள் தெரு இப்போது எந்த வார்டில் இருக்கிறது? உங்கள் கவுன்சிலர் யார்?

முதல் கேள்விக்குத் தடுமாறினால் உங்கள் மேல் தப்பில்லை, வரைபடம் அத்தனை முறை மாறியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கோ பதிலே கிடையாது. பெங்களூரு மாநகராட்சிக்குக் கடைசியாக ஓட்டுப் போட்டது 2015 ஆகஸ்ட் 22-ம் தேதி. அந்த கவுன்சிலின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பிறகு ஐந்து ஆண்டுகள் தாண்டியும் புது கவுன்சில் வரவில்லை. ஆனால் வார்டு எல்லைகள் மட்டும் மூன்று முறை திருத்தி எழுதப்பட்டுவிட்டன.

இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இதுவரை நடந்தது என்ன?

2015-ல் பெங்களூருவில் 198 வார்டுகள் இருந்தன. சிவாஜிநகர் சட்டமன்றத் தொகுதிக்குள் மட்டும் சிவாஜிநகர், பாரதிநகர், அல்சூர், ஜெயமஹால், வசந்த் நகர் என ஏழு வார்டுகள். 2020-ல் புதுச் சட்டம் வந்தது, வார்டுகள் 243 ஆகும் என்றது. பழைய 198 வார்டுகளை வைத்தே தேர்தலை நடத்துங்கள் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

2022-ல் பாஜக ஆட்சி 243 வார்டுகளுக்கான எல்லைகளை அறிவித்தது. ஜூன் 23-ல் வரைவு, ஜூலை 14-ல் இறுதி. மொத்தம் மூன்றே வாரம். ஆளுங்கட்சிக்குச் சாதகமாக வரைந்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் கொதித்தது. 2023 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூனில் உயர் நீதிமன்றம் 12 வாரம் கொடுத்து மறுபடி வரையச் சொன்னது. செப்டம்பரில் 225 வார்டுகள் என அறிவிப்பு வந்தது.

அதற்கும் தேர்தல் நடக்கவில்லை. அடுத்து, பெங்களூருவையே ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கும் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 19-ல் வெளியான இறுதிப் பட்டியலில் மொத்தம் 369 வார்டுகள். சிவாஜிநகர் இப்போது 63 வார்டுகள் கொண்ட மத்திய மாநகராட்சியில் இருக்கிறது.

198, 243, 225, 369. நான்கு எண்கள், அதற்குள் இரண்டு ஆட்சிகள். ஆட்சி மாறினாலும் மாறாதது ஒன்றுதான்: எல்லை வரைந்த குழுவில் இருந்தவர்கள் அரசு அதிகாரிகள், இறுதி அறிவிப்பை வெளியிட்டது மாநில அரசு. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அந்தக் கதைதான்.

கோடு கொஞ்சம் நகர்ந்தால் என்ன ஆகிவிடும்?

ஒரு சின்னக் கணக்கு. தலா 100 ஓட்டு உள்ள மூன்று வார்டுகள் இருக்கின்றன என்று வையுங்கள். அருகருகே வாழும் 60 பேருக்கு ஒரே பிரச்சனை: அவர்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது. 60 பேரும் ஒரே வார்டில் இருந்தால், அவர்கள் சொல்லுகிற ஆள் ஜெயிப்பார். அந்தக் குடியிருப்பையே 20, 20, 20 என மூன்று வார்டுகளுக்குப் பிரித்துவிட்டால்? மூன்றிலும் அவர்கள் சிறுபான்மை. மூன்று கவுன்சிலரில் ஒருவருக்கும் அந்தச் சாக்கடை அவசரமில்லை. ஒரு ஓட்டைக்கூடத் திருடவில்லை, ஆனால் முடிவு மாறிவிட்டது.

சிவாஜிநகர் மாதிரி இடத்தில் இது இன்னும் நுட்பமானது. கன்டோன்மென்ட் காலத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி இது. அதே சந்தில் உருதும் கன்னடமும் கேட்கும். ஆகவே 'எங்க ஆளுங்களுக்கு ஒரு வார்டு' என்று மட்டும் யோசித்தால் சரிவராது. ஒரே மார்க்கெட்டை, ஒரே தண்ணீர் லைனை, ஒரே பள்ளியை நம்பி வாழ்கிறவர்களை ஒரே வார்டில் வைக்க வேண்டும் என்பதுதான் நியாயமான வாதம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த 369 வார்டுகளும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் பிரிக்கப்பட்டன. அந்தக் கணக்குப்படி நகரின் மக்கள்தொகை சுமார் 84 லட்சம். அதாவது வார்டுக்குச் சராசரியாக 23,000 பேர். ஆனால் உங்கள் அலுவலகம் இருக்கும் ஒயிட்ஃபீல்டும் மாரத்தஹள்ளியும் 2011-க்குப் பிறகு எப்படி வீங்கின என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பகுதிகள் சேர்ந்த கிழக்கு மாநகராட்சிக்கு 50 வார்டுகள்தான். பழைய கணக்கு சிவாஜிநகர் போன்ற பழைய பகுதிகளுக்குச் சாதகம், புதிதாக வளர்ந்த பகுதிகளுக்குப் பாதகம். நமக்கு லாபம் என்பதற்காக இதை மறைக்கக் கூடாது, இல்லையா?

சட்டம் என்ன சொல்கிறது?

மக்களவை, சட்டமன்றத் தொகுதிகளை வரையும் ஆணையத்துக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்குகிறார். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் கூட உட்காரலாம், ஆனால் அவர்களுக்கு ஓட்டு இல்லை. வார்டு என்று வந்துவிட்டால் இந்தக் கட்டுப்பாடு மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் மறுவரையறை ஆணையத்துக்கு மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமை வகிக்கிறார். மற்ற உறுப்பினர்கள் அங்கேயும் அதிகாரிகள்தான். இருந்தாலும் பேனா அரசின் கையிலிருந்து ஓரடி தள்ளியாவது இருக்கிறது.

நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. அரசியலமைப்பின் 243 இசட்.ஜி. பிரிவு, வார்டு மறுவரையறைச் சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதற்குத் தடை போடுகிறது. எனவே விதி முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

மக்களே வரைந்தால்? கலிஃபோர்னியா சொல்லும் பாடம்

2022 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஒலிப்பதிவு கசிந்தது. நகரத் தொகுதிகளை எப்படிப் பிரித்தால் யாருக்கு லாபம் என்று கவுன்சிலர்கள் தனியறையில் பேசிய பேச்சு, இடையிடையே இனவெறி வசவுகள். கவுன்சில் தலைவர் ராஜினாமா செய்தார். அங்கேயும் அப்போது ஒரு மறுவரையறைக் குழு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை நியமித்தது அரசியல்வாதிகள், கடைசி முடிவும் கவுன்சில் கையில். 2024 நவம்பரில் அந்த நகர மக்கள் ஓட்டுப் போட்டு, சுதந்திரமான ஆணையம் அமைக்க ஒப்புதல் கொடுத்தார்கள்.

மாநில அளவில் கலிஃபோர்னியாவில் இப்படி ஒரு ஆணையம் 2008-லேயே ஓட்டெடுப்பில் வந்துவிட்டது. அதில் 14 பேர்: இரண்டு பெரிய கட்சிகளின் பதிவு பெற்ற வாக்காளர்கள் தலா ஐந்து, எந்தப் பெரிய கட்சியும் சாராதவர்கள் நான்கு. எட்டுப் பேரைக் குலுக்கலில் எடுக்கிறார்கள், அந்த எட்டுப் பேர் மீதி ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, 'இவர் நம்ம ஆள்' என்று யாரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியாது.

இதுவும் குறையில்லாத ஏற்பாடு அல்ல. 2025 நவம்பரில், டெக்சாஸுக்குப் பதிலடி என்று சொல்லி, ஆணையம் வரைந்த நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்தைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க அதே கலிஃபோர்னிய மக்கள் ஓட்டளித்தார்கள். நல்ல விதியையும் அரசியல் சூடு தாண்டிப் போகும். ஆனால் அதற்குக்கூட மக்களிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது, ஒரு அரசாணை போதவில்லை. நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

பெங்களூருவுக்கு என்ன விதிகள் வேண்டும்?

ஒன்று, யார் உட்காரக் கூடாது என்பது. கடந்த பத்து ஆண்டுகளில் தேர்தலில் நின்றவர், கட்சிப் பதவியில் இருந்தவர், கட்சிக்குப் பெரிய நன்கொடை கொடுத்தவர், அவர்களின் நெருங்கிய குடும்பத்தினர் கூடாது. கலிஃபோர்னியாவில் ஆணைய உறுப்பினர்கள் அதன்பின் பத்து ஆண்டுகள் தேர்தலில் நிற்கவும் முடியாது. நம் ஊருக்கு ரியல் எஸ்டேட் தொழிலையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது நல்லது.

இரண்டு, குலுக்கல். ஐந்து மாநகராட்சிப் பகுதிகளிலிருந்தும், பாதிப் பேர் பெண்களாக, வாடகை வீட்டுக்காரர்களும் இருக்கும்படி. அதிகாரிகள் தொழில்நுட்ப உதவி செய்யட்டும், ஓட்டு வேண்டாம்.

மூன்று, அளவுகோல்களை வரிசைப்படுத்த வேண்டும். முதலில் சமமான மக்கள்தொகை, அடுத்து உடையாத குடியிருப்புகள், பிறகு ரோடு, ரயில் பாதை, ஏரி என்று கண்ணுக்குத் தெரியும் எல்லை. எந்தக் கட்சிக்கோ, இப்போது பதவியில் இருப்பவருக்கோ சாதகமாக வரையக் கூடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்கு, எல்லாம் வெளிச்சத்தில். 2025 வரைவுக்கு ஆட்சேபம் சொல்லக் கிடைத்தது சுமார் இரண்டு வாரம். குறைந்தது இரண்டு மாதம் வேண்டும். கூட்டங்கள் நேரலையில், வரைபடம் கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலத்தில். ஒவ்வொரு ஆட்சேபத்தையும் ஏன் ஏற்றார்கள், ஏன் தள்ளினார்கள் என்று ஒரு வரியாவது பதில்.

ஐந்து, கடைசித் தேதி. இதுதான் ரொம்ப முக்கியம். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243 யு பிரிவு. மறுவரையறை முடியவில்லை என்பதைச் சாக்காக வைத்துத் தேர்தலைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2006-ல் அகமதாபாத் வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியும் பெங்களூருவில் தேர்தல் தள்ளிப்போனது. எனவே தேதிக்குள் புது வரைபடம் வராவிட்டால், பழைய வரைபடத்திலேயே தேர்தல் என்று சட்டத்தில் எழுதிவிட வேண்டும். அப்போது இழுத்தடிப்பதில் யாருக்கும் லாபம் இருக்காது.

'சாதாரண ஜனங்களுக்கு இதெல்லாம் புரியுமா?' என்று கேட்பார்கள். கூகுள் மேப்பில் ட்ராஃபிக் பார்த்துச் சந்து சந்தாக வண்டி ஓட்டுகிற ஊர் இது. எந்தத் தெரு எதோடு சேரும் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியாதா?

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் புதிய வார்டின் எல்லையைப் பாருங்கள். பக்கத்துத் தெரு எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் 2011-ன் எண்கள் காலாவதியாகிவிடும், இந்த எல்லைகள் மறுபடி மாறும். அடுத்த முறை வரையப் போவது யார் என்பது இப்போதிருந்தே பேச வேண்டிய விஷயம். எனவே ஓட்டுக் கேட்டு யார் உங்கள் வாசலுக்கு வந்தாலும், ரோடு, தண்ணீர், குப்பையோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: 'அடுத்த தடவை எங்க வார்டை வரையுற பேனாவை எங்ககிட்ட கொடுப்பீங்களா?'