அடுத்தவன் வீட்டுச் சரக்கு

ஆபீசுல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால '30 ராக்' தொடரை மறுபடி முழுசா பார்த்து முடிச்சேன். அமெரிக்காவுல என்பிசி சேனல்ல 2006ல இருந்து 2013 வரை ஏழு சீசன் ஓடுனது. ஒரு டிவி காமெடி நிகழ்ச்சியை எழுதுறவங்க, நடிக்கிறவங்க, இவங்க எல்லாரையும் கட்டி மேய்க்கிற மேலதிகாரி. கதை அவ்வளவுதான். உருவாக்கி நடிச்ச டினா ஃபே, அதே சேனலோட 'சாட்டர்டே நைட் லைவ்'ல தலைமை எழுத்தாளரா இருந்தவங்க. அதனால ஒவ்வொரு அடியும் இடம் பார்த்து விழுது.

அந்த மேலதிகாரியோட பதவி என்ன தெரியுமா? டிவிக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் சேர்த்து வைஸ் பிரசிடெண்ட்! அப்போ என்பிசி நிஜமாவே ஜெனரல் எலெக்ட்ரிக் கையில இருந்துச்சு. 2011ல காம்காஸ்ட்ங்கிற கேபிள் கம்பெனி கைக்கு மாறுச்சு. கதையிலயும் 'கேபிள்டவுன்'னு ஒரு கம்பெனி! சம்பளம் குடுக்குற முதலாளியை அவர் சேனல்லயே வச்சு கலாய்ச்சிருக்காங்க.

சரி, நம்மாளுங்க? லொள்ளு சபாவுல சினிமாவைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. நானும் விழுந்து விழுந்து சிரிச்சவன்தான். ஆனா அது அடுத்தவன் வீட்டுச் சரக்கு. ஒரு அறைக்கு மூணு தடவை முகத்தைக் காட்டுறது, 'இவருக்குப் பதில் இவர்', டிஆர்பி வந்ததும் செத்தவன் பொழைக்கிறது... சொந்த வீட்டுலயே சிரிக்க இவ்வளவு இருக்கே, அதை ஏன்யா தொட மாட்டேங்கிறீங்க? 2013ல விஜய் டிவியில 'ஆபீஸ்'னே ஒரு தொடர் வந்துச்சு. அதுலயும் காதல் ஓடுன அளவுக்கு வேலை ஓடலை.

கேட்டா, "நம்ம சனங்களுக்கு இதெல்லாம் புரியாது சார்"ம்பாங்க. இங்கதான் எனக்குக் கோபம் வருது.

எங்க கோவில்பட்டியில ஆபீஸ்னா தீப்பெட்டி ஆபீஸ்தான். குச்சி அடைக்கிற பொம்பளைங்க கணக்கப்பிள்ளை மாதிரியே பேசி நடிச்சுக் காட்டுறதை ஒரு நாள் கேட்டுப் பாருங்க, டினா ஃபே பிச்சை வாங்கணும். கோயில் கொடையில போடுற ஸ்பெஷல் நாடகத்துல பபூன் மொதல்ல வந்து யாரை வம்புக்கு இழுப்பாரு? மேடையிலயே உட்கார்ந்திருக்கிற ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும். சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த சீமைய்யா இது. திரைக்குப் பின்னாடி நடக்குறதைத் திரைக்கு முன்னாடி வச்சுச் சிரிக்கிறது எங்களுக்குப் புதுசா?

இன்னொண்ணு. 2023 செப்டம்பர்ல 'எதிர்நீச்சல்' மாரிமுத்து சார், அந்தத் தொடருக்கே டப்பிங் பேசிட்டிருந்தப்போ முடியாமப் போய் இறந்துட்டாரு. அப்புறம் ஆதி குணசேகரனா எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தாரு. ஆள் மாத்துனதைக் குத்தம் சொல்லலை, எத்தனையோ பேரோட சோறு அது. ஆனா எங்கம்மா போன்ல கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "ஏய்யா, அவர் பேசாம விட்ட மிச்ச வசனத்தை யாருய்யா பேசியிருப்பா? கூட வேல பாத்தவுகளுக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவங்க எங்கம்மா. வேலை செஞ்சு பொழைச்சவங்களுக்கு அடுத்தவங்க வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ஆசை இருக்கு. ராத்திரியோட ராத்திரியா சீன் மாத்தி எழுதுறவர், அழுத கண்ணோட மேக்கப் போடுறவர், எட்டரை மணிக்குள்ள எபிசோடை முடிச்சாகணும்னு பதறுற எடிட்டர்... இவங்களை வச்சு ஒரு தொடர் எடுத்தா சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். புரியாதாம்ல! சனங்களுக்குப் புரியாதுங்கிறது சாக்கு. முதலாளி முகம் சுளிச்சிருவாரோங்கிற பயம்தான் நிஜம்.

டிஸ்கி: "நீ மட்டும் உன் கம்பெனியைக் கலாய்ச்சு எழுதுவியா"ன்னு பின்னூட்டத்துல கேட்கப் போற நண்பர்களுக்கு: அப்ரைசல் முடியட்டும், ஹி ஹி.