ரத்தம் இலவசம், வடிகட்டி யார் கணக்கில்?

2018 டிசம்பரில் நம்ம பக்கத்து மாவட்டம் சாத்தூரில், ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். ஞாபகம் இருக்கும். "ரத்தத்தை ஒழுங்கா டெஸ்ட் பண்றாங்களா?"ன்னு எல்லாரும் கேட்டோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் டெஸ்டில் பாஸான ரத்தத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கு. வெள்ளை அணுக்கள்!

ஒரு பை ரத்தத்தில் இவை நூறு கோடிக்கு மேல் இருக்கும். நோயாளிக்குத் தேவை பெரும்பாலும் சிவப்பணுதான். கூடவே போகும் அடுத்தவருடைய வெள்ளை அணுவால் குளிர்காய்ச்சல் வரலாம். சைட்டோமெகலோ வைரஸ் அதில் ஒளிந்து வரலாம். அடிக்கடி ஏற்றிக்கொள்பவர் உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி, பின்னாளில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கே சிக்கலாகலாம்.

இதற்கு வடிகட்டி இருக்கிறது. நுண்ணிய இழைகளில் வெள்ளை அணு ஒட்டிக்கொள்ளும், சிவப்பணு வளைந்து நெளிந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது 50 லட்சத்துக்கும் கீழே. பிரிட்டன் 1999-லேயே எல்லா ரத்தத்தையும் வடிகட்ட ஆரம்பித்துவிட்டது. இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை.

"செலவு அதிகம் தம்பி" என்பார்கள். சரி, பி.காம். படிக்கிறவனிடம் கணக்கு பேசுங்க சார். காய்ச்சல் வந்தால் ஏற்றுவதை நிறுத்தணும், மறுபடி டெஸ்ட் எடுக்கணும், மீதி ரத்தம் குப்பைக்குப் போகும். தலசீமியா குழந்தைக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றணும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போக மட்டும் 55 கிலோமீட்டர். அப்பா அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார், அம்மாவுக்குக் கூலி போச்சு. இதெல்லாம் எந்த லெட்ஜரில் வருது? வடிகட்டியின் விலையை மட்டும் செலவுன்னு எழுதிட்டு, மிச்சத்தை ஏழை வீட்டுத் தலையில் கட்டுவதற்குப் பெயர் சிக்கனமா?

அமெரிக்காவிலேயே சட்டப்படி கட்டாயமில்லையே என்று மடக்கலாம். உண்மைதான். ஆனாலும் அங்கே பெரும்பாலான ரத்தம் வடிகட்டித்தான் போகிறது. வடிகட்டி இருந்தால் எச்.ஐ.வி. டெஸ்ட் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஒன்றுக்கு இன்னொன்று மாற்றே இல்லை. விபத்தில் ஒருமுறை ரத்தம் ஏற்றுபவரைக்கூட விட்டுவிடுவோம். வாழ்நாள் முழுக்க ஏற்றப்போகும் தலசீமியா குழந்தைக்கு வெள்ளை அணு நீக்கிய ரத்தம் கொடுங்கள் என்று 2016-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டியே சொல்கிறதே! ரத்தத்தை இலவசம் ஆக்கியவர்கள் வடிகட்டியையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டாமா?

2022-ல் நம்ம ஊருக்கு மெடிக்கல் காலேஜே வந்தாச்சு. அடுத்த ரத்ததான முகாமில் பிஸ்கட், ஜூஸ் வாங்கும்போது ஒரு கேள்வியும் கேளுங்க மக்களே: "தலசீமியா பிள்ளைக்குப் போகுற ரத்தத்தை வடிகட்டுறீங்களா?" கொடுக்கிறவனுக்குக் கேட்கிற உரிமையும் இருக்கு :-)