பேய் முகமன்று, பிணியின் முகம்

குமுளிக் கடைவீதியில், சுற்றுலாப் பயணிகளுக்கென அடுக்கப்பட்ட கதகளி முகங்களுக்கு நடுவே, வாயும் மூக்கும் ஒருபுறம் கோணிய மரமுகம் ஒன்றைச் சென்ற மாதம் கண்டேன். "இலங்கைப் பேய், திருஷ்டிக்கு மாட்டலாம்" என்றார் கடைக்காரர். அவரைக் குறைகூற மாட்டேன். ஆய்வு செய்யும் நாமும் 'பேய் முகமூடி' என்றே எழுதிக் கடந்துவிடுகிறோம். அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

தென்னிலங்கையில், குறிப்பாக அம்பலாங்கொடைப் பகுதியில், 'கதுரு' என்னும் இலேசான மரத்தில் செதுக்கப்படும் இம்முகங்கள் 'சன்னி யகும' என்னும் நோய்தீர்க்கும் சடங்குக்குரியவை. சன்னிகள் 18, அவற்றின் தலைவன் மகாகோல சன்னி யக்கா. பட்டியல் ஊருக்கு ஊர் சற்று மாறினும் பெயர்களைக் கவனியுங்கள்: வாத சன்னியா, பித் சன்னியா, சிலேஷ்ம சன்னியா, குல்ம சன்னியா. வாதம், பித்தம், சிலேத்துமம், குன்மம் எனச் சித்த மருத்துவம் அறிந்தோர் உடனே இனங்காண்பர். 'சன்னி' என்பதே வடமொழிச் 'சந்நிபாத'த்தோடு தொடர்புடையது. காய்ச்சலில் பிதற்றுபவருக்குச் 'சன்னி கண்டுவிட்டது' என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதே சொல்தான். நோயாளியைச் சிங்களம் 'ஆதுரயா' என்கிறது. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத் திருமுக்கூடல் கல்வெட்டு மருத்துவமனையை 'ஆதுலசாலை' என்கிறது. ஆக, அந்த முகங்களில் செதுக்கப்பட்டிருப்பது இருமொழியினரும் பங்கிட்டுக்கொண்ட ஒரு நோய்ப்பகுப்பு.

சடங்கு செய்வோரே 'யக்கா' என்கிறார்களே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அந்த யக்கா களத்தில் என்ன ஆகிறது? மேளக்காரரோடு வாய்ச்சண்டையிட்டு, ஏளனத்துக்கு ஆளாகி, புத்தரின் ஆணைக்குப் பணிந்து, படையலை ஏற்று விலகுகிறது. நோயாளியும் ஊராரும் சேர்ந்து சிரிக்கையில், இனம்புரியாத அச்சத்துக்கு ஒரு பெயரும் முகமும் கிடைத்துவிடுகின்றன. இது கிருமியைக் கொல்லாது. வாந்திபேதிக்கு மருந்தே வேண்டும். ஆயினும் நோயுற்றவரைத் தனிமையிலிருந்து மீட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

களப்பணிக்குச் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொருளைப் படமெடுக்குமுன், அதன் பெயரை அதற்குரியவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குமுளியில் நான் கண்டது, தோற்றத்தை வைத்துப் பார்த்தால், முடத்துக்குரிய 'கொர சன்னியா'வாக இருக்கலாம். அதைப் 'பேய்' என்று மட்டும் குறித்துவைத்தால், எந்த நோயாளியின் முன் அது ஆட வேண்டியிருந்ததோ அவர் நம் குறிப்பிலிருந்தே மறைந்துபோவார்.