"ஹாஷ் பண்ணியாச்சு" என்று சொல்லிப் பட்டியலை வைத்திருக்காதீர்கள்



போன கூட்டத்தில் நடந்த வாக்குவாதம் எனக்கு இன்னும் தீரவில்லை. மே 18 நினைவேந்தலுக்குப் பதிந்த ஆட்களின் போன் நம்பர்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஒரு தோழர் சொன்னார்: "எல்லாம் ஹாஷ் பண்ணித்தான் வச்சிருக்கிறம். பட்டியல் ஆரின்ர கையில போனாலும் ஒண்டும் விளங்காது." எல்லாரும் தலையாட்டினார்கள். கணினி அறிவியலில் முதுகலை படிக்கிற நானும் தலையாட்டினேன். அதுக்கு வெட்கப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஹாஷ் என்பது ஒரு அரைக்கிற இயந்திரம் மாதிரி. ஷா-256 என்கிற ஹாஷுக்கு ஒரு சொல்லைப் போட்டாலும், ஒரு முழுப் படத்தைப் போட்டாலும், வெளியே வருவது 64 எழுத்துகள்தான். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. உள்ளீட்டில் ஒரு எழுத்தை மாற்றினால் விடை முழுக்க மாறிவிடும். விடையிலிருந்து பின்னோக்கிப் போகவும் வழியில்லை. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்கேலாதுதானே.

தோழர் இந்த இடத்தோடு நின்றுவிட்டார். ஆனால் திரும்ப எடுக்கவேண்டிய தேவையே இல்லை. கடையில் இருக்கிற அரிசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அரைத்து, எந்த மா ஒத்துப்போகிறது என்று பார்த்தால் போதும். ரொறன்ரோவின் 647 நம்பர்கள் கூடினால் 80 லட்சம். இலங்கை மொபைல் நம்பர் 07-க்குப் பிறகு 8 இலக்கம். கூடினால் 10 கோடி. கணினிக்கு இது ஒரு கணக்கே இல்லை. அன்றிரவு என் சொந்த நம்பரை ஹாஷ் செய்து, லாப்டொப்பில் தேடவிட்டேன். தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வர முதல் நம்பர் திரையில் நிற்குது.

இது புதுக் கதையும் இல்லை. 2014-இல் நியூயோர்க் நகரம், முந்தைய ஆண்டின் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்சிப் பயணங்களின் தரவை, தகவல் கேட்ட ஒருவருக்குக் கொடுத்தது. வண்டி எண்ணையும் சாரதியின் உரிம எண்ணையும் எம்டி5 என்கிற ஹாஷால் "மறைத்து"த்தான் கொடுத்தார்கள். அந்த எண்கள் குட்டையானவை, ஒரே அமைப்பில் வருபவை. ஒரு பொறியாளர் சாத்தியமான எல்லா எண்களையும் அரைத்துப் பார்த்தார். இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. எந்தச் சாரதி எந்த நேரம் எங்கே நின்றார், எவ்வளவு உழைத்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்தச் சாரதிகளில் மிகப் பெரும்பாலானோர் குடியேறிய தொழிலாளர்கள். அம்பலமானது நகரசபையின் கணக்கு இல்லை, அவர்களின் வாழ்க்கை.

விளம்பர முதலாளிகளுக்கு இது நல்லாத் தெரியும். ஒரு கடை உங்கள் மின்னஞ்சலை ஹாஷ் செய்து விளம்பரத் தளத்துக்கு அனுப்புகிறது. தளமும் தன்னிடமுள்ள மின்னஞ்சல்களை ஹாஷ் செய்து பொருத்திப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் நீங்கள் பிடிபட்டீர்கள். பிறகு "நாங்கள் ஹாஷ்தான் பகிர்கிறோம்" என்று ஒரு அறிக்கை. ஹாஷ் செய்தால் தரவு அநாமதேயம் ஆகாது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2012-இல் சொன்னது. 2024-இலும் திரும்பச் சொல்லவேண்டி வந்தது.

ஹாஷ் ஒப்பிடுவதற்கான கருவி. அந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை. எங்களுக்கு வந்து சேரும் சாட்சிய வீடியோக்களை, வந்த அன்றே ஹாஷ் செய்து எழுதி வையுங்கள். 10 வருடம் கழித்து "இதை மாத்திப்போட்டாங்கள்" என்று யாரும் சொன்னால் பதில் கையில் இருக்கும். ஆனால் ஆளை மறைக்கிற வேலையை அதனிடம் கேட்காதீர்கள்.

"உப்புப் போட்டால் சரிதானே?" என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் வேறு வேறு எழுமாற்று எழுத்துகளைச் சேர்த்து அரைப்பதைத்தான் உப்பு என்கிறோம். கடவுச்சொற்களுக்கு அது அவசியம். ஆனால் அந்த உப்பும் பட்டியலோடுதான் இருக்கும். பட்டியலை எடுத்தவன் ஒவ்வொரு ஆளுக்கும் அதே 80 லட்சத்தைத் திரும்ப அரைப்பான். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். சரி, ரகசியச் சாவி ஒன்றைத் தனியாக வைத்தால்? நல்லது. அப்போது அந்தச் சாவி யாரிடம், அவரை யார் வற்புறுத்தலாம் என்று கேட்கவேண்டும். அதற்கு எந்தக் கணக்கிலும் விடை இல்லை.

என் அம்மா ஒவ்வொரு வருடமும் நினைவேந்தலுக்கு வருவா. நம்பர் மட்டும் குடுக்கமாட்டா. "ஊரில அம்மம்மா இருக்கிறா, பிள்ளை" என்பா. இவ்வளவு காலமும் அதைப் பழைய பயம் என்று நினைத்திருந்தேன். அவ ஷா-256 படிக்கவில்லை. ஆனால் பட்டியல் என்றால் என்ன என்று அவவுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன்: இந்தப் பட்டியலை அழிப்போம், இனி நிகழ்வு முடிந்த கிழமையே நம்பர்களை அழிப்போம், தேவையில்லாத இடத்தில் நம்பரே கேட்கமாட்டோம். எதிர்க்கிற தோழர்கள் தங்கட நம்பரின் ஹாஷை எனக்கு அனுப்பி வையுங்கோ. நான் கோல் எடுத்துக் கதைக்கிறேன்.